பத்துப் பேர், ஒரு தீவு, தீராத பழைய கணக்கு

முன்பின் அறியாதவர்கள் ஒரே இடத்தில் சிக்கிக்கொள்கிறார்கள். வெளியே போக வழியில்லை. ஒவ்வொருவராகச் சாகிறார்கள். இந்த ஒரே கதையை உலகம் 90 ஆண்டுகளாக ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறது?

இரவுச் சாப்பாடு முடிந்திருக்கிறது. சமையல் அருமை, மதுவும் உயர்ந்த ரகம். படகிலிருந்து இறங்கும்போது ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் அளந்தவர்கள், இப்போது கொஞ்சம் மனம்விட்டுப் பேசுகிறார்கள். சன்னலுக்கு வெளியே கடல் இரைகிறது. பணியாள் காப்பிக் கோப்பைகளைக் கொண்டுவந்து கொடுக்கிறார்.

திடீரென்று ஒரு குரல். அறையில் இருக்கும் யாருடைய குரலும் இல்லை. முதலில் எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்கிறது. பிறகு ஒவ்வொருவரையும் முழுப் பெயர் சொல்லி அழைத்து, இன்ன காலத்தில் இன்னாரின் சாவுக்கு நீ காரணம் என்று குற்றம் சாட்டுகிறது. ஓய்வுபெற்ற நீதிபதி, பெயர்பெற்ற மருத்துவர், ராணுவத் தளபதி, முன்னாள் போலீஸ் அதிகாரி, பக்தி நிறைந்த முதிய பெண்மணி, குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் இளம்பெண், ஆப்பிரிக்கக் காடுகளில் திரிந்த ஒரு சாகசக்காரர், கார் ஓட்டுவதில் பித்துப்பிடித்த இளைஞன், வீட்டு வேலைக்கு வந்த கணவன், மனைவி. பத்துப் பேரில் ஒருவரும் தப்பவில்லை. பணியாளின் கையிலிருந்து தட்டு நழுவி விழுகிறது. கதவுக்கு வெளியே அவர் மனைவி மயங்கிச் சரிகிறாள்.

குரல் வந்தது பக்கத்து அறையில் சுழலும் கிராமஃபோன் தட்டிலிருந்து. அவர்களை வரவழைத்தவரை அவர்களில் யாரும் நேரில் பார்த்ததில்லை. படகு இனி வராது. அந்த இரவு விடிவதற்குள் இருவர் பிணமாகிவிடுகிறார்கள்.

அகதா கிறிஸ்டி எழுதி 1939 நவம்பரில் வெளிவந்த நாவலின் தொடக்கப் பகுதியில் வரும் காட்சி இது. இரண்டாம் உலகப் போர் தொடங்கி இரண்டே மாதங்கள் ஆகியிருந்தன. பின்னாளில் 'அண்ட் தென் தேர் வேர் நன்' என்று பெயர் நிலைத்த அந்த நாவல், இதுவரை 10 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருப்பதாக மதிப்பிடப்படுகிறது. 2015இல், கிறிஸ்டியின் 125ஆவது பிறந்த ஆண்டையொட்டி உலகெங்குமுள்ள வாசகர்களிடம் வாக்கெடுப்பு நடந்தபோது, அவருடைய நாவல்களில் முதலிடம் பெற்றதும் இதுதான். ஓடிடி தளங்களில் இன்று வரிசை கட்டும் தீவு மர்மங்கள், பனி மாளிகைக் கொலைகள், 'யார் துரோகி?' போட்டிகள் அத்தனைக்கும் வேர் அங்கே இருக்கிறது.

இந்தக் கதைகளைப் பொழுதுபோக்குப் புதிர் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. அவற்றைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் கனமான வேறொன்று கிடைக்கிறது. அதைத் தேடுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம். கொலையாளி யார் என்பதை மட்டும் எங்கேயும் சொல்லப் போவதில்லை. அந்தச் சுகம் வாசகருக்கே உரியது.

நான்கு கதவுகளை அடைக்க வேண்டும்

ஊருக்குள் ஒரு கொலை நடந்தால் என்ன ஆகும்? போலீஸ் வரும். பிரேதப் பரிசோதனை நடக்கும். அக்கம்பக்கத்தார் பேசுவார்கள். சந்தேகத்துக்கு ஆளானவர் பஸ் ஏறிப் போய்விடலாம். இந்த நான்கு கதவுகளையும் அடைத்துவிட்டால், உள்ளே இருப்பவர்களுக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இருக்காது.

அதற்கு எழுத்தாளர்கள் இயற்கையைத் துணைக்கு அழைக்கிறார்கள். கொந்தளிக்கும் கடல், தண்டவாளத்தை மூடும் பனி, பாலத்தை அடித்துச் செல்லும் வெள்ளம், பாலைவனம். தொலைபேசிக் கம்பி அறுபடும். கைபேசி வந்த பிறகு இந்த வேலை கடினமாகிவிட்டது. எனவே இன்றைய எழுத்தாளர்கள் சிக்னல் கிடைக்காத இடங்களைத் தேடிப் போகிறார்கள். லூசி ஃபோலி 2020இல் எழுதிய 'தி கெஸ்ட் லிஸ்ட்' நாவலின் திருமண வீடு, அயர்லாந்துக் கரைக்கு அப்பால் புயலில் சிக்கிய ஒரு தீவில் இருக்கிறது.

இடம் அடைபட்டால் மட்டும் போதாது. ஆட்கள் அந்நியர்களாகவும் இருக்க வேண்டும். நம் ஊர்களில் ஒருவரை எதை வைத்து அறிகிறோம்? இன்னார் மகன், இன்ன தெரு, இன்ன வீட்டு மருமகள். அந்த ஒரு சொல்லே பாதி ஜாமீன். தீவுக்கு வந்தவருக்கு ஜாமீன் சொல்ல ஆளில்லை. அவர் தன்னைப் பற்றிச் சொல்வதைத் தவிர அவரைப் பற்றி நமக்கு வேறொன்றும் தெரியாது. மருத்துவர் என்கிறார், நம்புகிறோம். அவர் கொடுக்கும் மருந்தைக் குடிக்கலாமா என்ற கேள்வி வரும்போதுதான் அந்த நம்பிக்கை எவ்வளவு மெல்லியது என்று புரிகிறது.

[பெட்டிச் செய்தி] அடைபட்ட இடங்கள்: சில மைல்கற்கள்

• 1930: 'தி இன்விசிபிள் ஹோஸ்ட்'. க்வென் பிரிஸ்டோ, புரூஸ் மானிங் இணைந்து எழுதியது. நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஒரு மாடி வீடு. முகம் தெரியாத ஒருவர் அழைத்த எட்டு விருந்தினர். கிறிஸ்டியின் தீவுக்கு ஒன்பது ஆண்டுகள் மூத்தது.

• 1934: 'மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்'. பனியில் நின்றுபோன ரயில்.

• 1935: 'டெத் இன் தி கிளவுட்ஸ்'. பாரிசிலிருந்து லண்டனுக்குப் பறக்கும் விமானம்.

• 1937: 'டெத் ஆன் தி நைல்'. எகிப்தின் ஆற்றுக் கப்பல்.

• 1952: 'தி மவுஸ்ட்ராப்'. பனி மூடிய விடுதி.

• 2003: 'ஐடென்டிட்டி'. பெருமழையில் துண்டிக்கப்பட்ட நெவாடா மோட்டல், ஹாலிவுட் படம்.

• 2015: 'தி ஹேட்ஃபுல் எய்ட்'. பனிப்புயலில் வழிப்போக்கர்கள் ஒதுங்கும் கடை. குவென்டின் டாரன்டினோ இயக்கியது.

• 2022: 'கிளாஸ் ஆனியன்'. கோடீசுவரர் ஒருவரின் கிரேக்கத் தீவு.

தீவும் உண்மை, ரயிலும் உண்மை

இங்கிலாந்தின் டெவன் கடற்கரையில் பர்க் தீவு இருக்கிறது. கடல் வற்றும்போது மணலில் நடந்தே போய்விடலாம். ஏற்றத்தின்போது தண்ணீர் சூழ்ந்துவிடும். உயரமான சக்கரங்கள் மேல் தளம் அமைத்த கடல் டிராக்டரில்தான் போக முடியும். 1929இல் அங்கே கட்டப்பட்ட வெள்ளை நிற ஓட்டல் இன்றும் இயங்குகிறது. அதே டெவனில், டார்க்கீ நகரில் 1890இல் பிறந்த கிறிஸ்டிக்கு அந்தத் தீவு நன்றாகத் தெரியும். 1939 நாவலுக்கும், 1941இல் வந்த 'ஈவில் அண்டர் தி சன்' நாவலுக்கும் அதுவே களத்துக்கான தூண்டுதலானது.

நஞ்சைப் பற்றி அவர் எழுதியதும் கேள்விஞானத்தால் இல்லை. முதல் உலகப் போரின்போது டார்க்கீயில் செவிலியாகவும் பிறகு மருந்தகத்திலும் வேலை பார்த்தவர். எந்த மருந்து எந்த அளவில் விஷமாகும் என்று படித்துத் தேர்ந்தவர்.

ரயில் கதைக்கும் நிஜம் உண்டு. 1929 குளிர்காலத்தில் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் துருக்கியின் செர்கெஸ்கோய் அருகே பனியில் புதைந்து நாள்கணக்கில் நின்றது. 1931 டிசம்பரில், கணவர் வேலை செய்த அகழாய்வுத் தளத்திலிருந்து தனியே திரும்பிக்கொண்டிருந்த கிறிஸ்டியே அதே ரயிலில் மாட்டிக்கொண்டார். வெள்ளம் தண்டவாளத்தை அரித்துவிட்டது. உடன் பயணித்தவர்களைப் பற்றிக் கணவருக்கு விரிவாகக் கடிதம் எழுதினார். இரண்டு ஆண்டுகள் கழித்து நாவல் வந்தது.

மூன்று கதைகள், மூன்று பிள்ளைகள்

கிறிஸ்டியின் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ், தீவு, மவுஸ்ட்ராப் ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடம் வேறு, ஆட்கள் வேறு, தீர்வு வேறு. ஆனால் மூன்றிலும், கதை தொடங்குவதற்கு முன்பே ஒரு குழந்தை செத்துப்போயிருக்கிறது. அந்தச் சாவுக்கு யாரோ பொறுப்பு. அந்த ஒருவருக்குச் சட்டம் உரிய தண்டனையைக் கொடுக்கவில்லை.

ரயில் கதையில் ஒரு பணக்காரக் குடும்பத்தின் பெண் குழந்தை கடத்திக் கொல்லப்படுகிறது. குற்றவாளி பிடிபட்டும், பணபலத்தாலும் சட்டத்தின் ஓட்டையாலும் தப்பிவிடுகிறான். இதன் பின்னால் இருப்பது அமெரிக்காவை உலுக்கிய நிஜச் சம்பவம். அட்லாண்டிக் பெருங்கடலை நிற்காமல் தனியே பறந்து கடந்த முதல் விமானி சார்லஸ் லிண்ட்பெர்க்கின் 20 மாத மகன், 1932 மார்ச் 1 அன்று நியூஜெர்சி வீட்டிலிருந்து கடத்தப்பட்டான். 50,000 டாலர் கொடுத்தும் பிள்ளை திரும்பவில்லை. மே 12 அன்று சடலம் கிடைத்தது. விசாரணையில் சந்தேகத்துக்கு உள்ளான ஒரு பணிப்பெண் தற்கொலை செய்துகொண்டாள். அவளுக்கும் குற்றத்துக்கும் தொடர்பு நிரூபிக்கப்படவே இல்லை.

நாவல் 1934 ஜனவரியில் வெளியானபோது அந்த வழக்கில் எவரும் கைதாகியிருக்கவில்லை. கைது நடந்தது அந்த ஆண்டு செப்டம்பரில். அதாவது, அன்றைய வாசகர் அந்த நாவலைக் கையில் எடுத்தபோது, நிஜத்தில் கொலைகாரன் வெளியே நடமாடிக்கொண்டிருந்தான். பனியில் நின்ற அந்த ரயில் பெட்டி அவர்களுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். நாட்டின் நீதிமன்றம் செய்யாத ஒன்றை ஒரு கதையாவது செய்யாதா என்ற ஏக்கம் அது.

மவுஸ்ட்ராப் இன்னும் கொடிய உண்மையின் மேல் நிற்கிறது. 1945 ஜனவரி 9. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில், மின்ஸ்டர்லி அருகே ஒதுக்குப்புறமான ஒரு பண்ணை வீடு. வளர்ப்புக்கு விடப்பட்டிருந்த டென்னிஸ் ஓநீல் என்ற 12 வயதுச் சிறுவன் அங்கே இறந்தான். பட்டினி, அடி, கடும் குளிர். அவனையும் தம்பியையும் அந்தப் பண்ணையில் விட்ட நகரமன்றம், பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒழுங்காகப் போய்ப் பார்க்கவே இல்லை. பண்ணைக்காரருக்குக் கிடைத்தது ஆறாண்டுச் சிறை. அந்த வீட்டில் நடந்ததை நீதிமன்றத்தில் சொன்னவன், உயிர் பிழைத்த தம்பி. பல பத்தாண்டுகள் கழித்து, 2010இல், தங்கள் கதையை அவர் நூலாகவே எழுதினார்.

அந்தச் சிறுவனின் சாவு நாட்டின் மனச்சாட்சியைத் தைத்தது. அரசு சர் வால்டர் மாங்டன் தலைமையில் விசாரணை வைத்தது. குடும்பத்தைப் பிரிந்து வாழும் பிள்ளைகளின் நிலையை ஆராய்ந்த கர்ட்டிஸ் குழு 1946இல் அறிக்கை தந்தது. 1948இல் குழந்தைகள் சட்டம் வந்தது. ஒவ்வொரு உள்ளாட்சியும் பிள்ளைகளின் நலனுக்கென்று தனிக் குழுவும் தனி அதிகாரியும் வைக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் கட்டாயமாக்கியது.

இந்தச் செய்திகளுக்கு நடுவே, 1947 மே மாதம், ராணி மேரியின் 80ஆவது பிறந்தநாளுக்காக பிபிசி கேட்டுக்கொண்டதன் பேரில் கிறிஸ்டி ஒரு சிறிய வானொலி நாடகம் எழுதினார். வளர்ப்புப் பண்ணையில் இறந்த ஒரு பிள்ளை, பல ஆண்டுகள் கழித்துப் பனியில் சிக்கிய விடுதி, அங்கே வந்து சேரும் அந்நியர்கள். அதுவே விரிந்து 'மவுஸ்ட்ராப்' ஆனது. அரண்மனைக் கொண்டாட்டத்துக்கு எழுதச் சொன்னபோதும் அந்தப் பிள்ளையை அவர் மறக்கவில்லை.

[பெட்டிச் செய்தி] நிற்காத நாடகம்

• 1952 அக்டோபர் 6 அன்று நாட்டிங்காமில் 'மவுஸ்ட்ராப்' முதல் மேடை ஏறியது. நவம்பர் 25 முதல் லண்டனில். முதல் நாயகன் ரிச்சர்ட் அட்டன்பரோ. பின்னாளில் 'காந்தி' படத்தை இயக்கியவர்.

• நாடகத்தின் உரிமையைத் தன் பேரனுக்குப் பரிசாகக் கொடுத்தார் கிறிஸ்டி.

• 1974இல் பக்கத்திலேயே உள்ள செயின்ட் மார்டின்ஸ் அரங்குக்கு மாறியபோதும் ஓட்டம் தடைபடவில்லை.

• 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கால் நின்றது. 2021 மே 17 அன்று மீண்டும் திரை உயர்ந்தது.

• 2025 மார்ச்சில் 30,000ஆவது லண்டன் காட்சி நடந்தது.

• முடிவை வெளியே சொல்ல வேண்டாம் என்று ஒவ்வொரு காட்சியின் இறுதியிலும் பார்வையாளர்களிடம் கேட்டுக்கொள்வது வழக்கம்.

சட்டத்துக்கு எட்டாத குற்றங்கள்

மறுபடி தீவுக்கு வருவோம். கிராமஃபோன் வாசித்த குற்றப் பட்டியலைக் கவனமாகப் படித்தால், அவற்றில் பெரும்பாலானவற்றை எந்தப் போலீஸ் நிலையமும் பதிவுசெய்திருக்க முடியாது என்பது தெரியும். குடித்துவிட்டு அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவர். கருவுற்ற வேலைக்காரச் சிறுமியை வீட்டைவிட்டுத் துரத்தி, அவள் உயிரை மாய்த்துக்கொள்ளக் காரணமான பக்தை. மனைவியின் காதலனைத் திரும்பி வர முடியாத போர்முனைக்கு அனுப்பிய தளபதி. எசமானிக்குத் தக்க நேரத்தில் மருந்து கொடுக்காமல் விட்ட வேலைக்காரத் தம்பதி. நீந்தத் தெம்பில்லாத சிறுவனை ஆழ்கடலுக்குள் போக விட்ட ஆசிரியை. காரை வெறித்தனமாக ஓட்டி இரு பிள்ளைகளைக் கொன்ற இளைஞன். அவனுக்குக் கிடைத்த தண்டனை சிறிது காலம் ஓட்டுநர் உரிமம் பறிபோனது மட்டும்.

கத்தி இல்லை, ரத்தம் இல்லை. பதவியும் நற்பெயரும் மௌனமும் போதுமாக இருந்திருக்கின்றன. நம் நாளிதழ்களை ஒரு வாரம் தொடர்ந்து படித்தால் இதே வகைச் சாவுகள் கண்ணில் படும். வேகமாக வந்த காரும், கவனிக்காத மருத்துவரும், வேலைக்கு வைத்த சிறுமியின் தற்கொலையும் எந்த ஊருக்கும் புதிதில்லை. தண்டனை பெறாத சாவுகள் என்னும் அந்தப் பெருங்குவியலிலிருந்துதான் கிறிஸ்டி பத்துப் பேரைப் பொறுக்கித் தீவுக்கு அனுப்பினார்.

அவர் கட்டிய நியாயத்தராசில் ஒரு கோணலும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. பட்டியலில் இறந்தவர்கள் எல்லோருக்கும் பெயர் உண்டு, ஒரு கூட்டத்தைத் தவிர. உணவைத் தூக்கிக்கொண்டு ஓடிய சாகசக்காரரால் காட்டில் கைவிடப்பட்டுச் செத்த கிழக்கு ஆப்பிரிக்கப் பழங்குடி ஆண்கள் 21 பேர். பட்டியலிலேயே மிகப் பெரிய குற்றம் அது. ஆனால் 21 பேரில் ஒருவருக்குக்கூடப் பெயர் தரப்படவில்லை. தன் செயலை அந்த மனிதர் கூச்சமின்றி ஒப்புக்கொள்கிறார். பேரரசின் காலத்து ஆங்கில வாசகருக்கு எந்தச் சாவு எவ்வளவு எடை என்பதை நாவல் தன்னை அறியாமலே பதிவு செய்துவிட்டது.

[பெட்டிச் செய்தி] மாறிய தலைப்பு

• நாவலின் முதுகெலும்பான எண்ணுப் பாட்டு 1868இல் அமெரிக்காவில் செப்டிமஸ் வின்னர் எழுதிய பாட்டிலிருந்து வந்தது. அது அமெரிக்கப் பூர்வகுடிச் சிறுவர்களைக் கேலி செய்தது. மறு ஆண்டே பிரிட்டன் மேடைகளில் கறுப்பினச் சிறுவர்களைக் கேலி செய்யும் வடிவம் வந்தது.

• 1939இல் பிரிட்டனில் வந்த நாவல் அந்த வசைச்சொல்லையே தலைப்பாகத் தாங்கியிருந்தது. அமெரிக்கப் பதிப்பாளர்கள் 1940இல் அதை ஏற்கவில்லை. இன்றைய தலைப்பு அப்போது வந்தது.

• பிரிட்டனில் தலைப்பு மாறியது 1985இல். பிரெஞ்சு மொழிபெயர்ப்பின் தலைப்பு மாறியது 2020இல்.

• இன்றைய பதிப்புகளில் தீவின் பெயரிலும் பாட்டிலும் இருப்பவர்கள் படைவீரர்கள்.

முடிவைத் தாங்க முடியாதவர்கள்

நாவலின் முடிவில் ஆறுதல் கிடையாது. 1943இல் கிறிஸ்டியே அதை நாடகமாக்கியபோது முடிவை மாற்றினார். லண்டன் அப்போது போரின் நடுவே இருந்தது. அரங்கைவிட்டு வெளியே வருபவர்களுக்கு வீடு இருக்குமா என்பதே உறுதியில்லை. நாடகம் நடந்த செயின்ட் ஜேம்ஸ் அரங்கே 1944இல் குண்டுவீச்சில் சேதமாகி, நாடகம் வேறு அரங்குக்கு மாற வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட ஊருக்குக் கொஞ்சம் நம்பிக்கை கொடுத்து அனுப்பினார்.

1945இல் ரெனே கிளேர் எடுத்த ஹாலிவுட் படம் நாடகத்தின் முடிவையே பின்பற்றியது. 1965இல் களம் பனிமலைக்குப் போனது, 1974இல் ஈரானியப் பாலைவன ஓட்டலுக்கு, 1989இல் ஆப்பிரிக்கக் காட்டுக்கு. இடம் மாறியதே தவிர நாவலின் இருண்ட முடிவைத் தொட அவர்கள் துணியவில்லை. 1987இல் சோவியத் இயக்குநர் ஸ்தனிஸ்லாவ் கோவருகின் அதை அப்படியே படமாக்கினார். 2015இல் பிபிசி மூன்று பகுதித் தொடராக எடுத்தபோதும் முடிவை மென்மையாக்கவில்லை.

இந்தியாவில் ராஜா நவாதே இயக்கிய 'கும்நாம்' 1965இல் வந்தது. விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்டு, ஆளரவமற்ற இடத்தில் மாட்டிக்கொள்ளும் பயணிகள். கன்னடத்தில் 2015இல் 'ஆட்டகாரா' வந்தது. தமிழில் இந்த வகைக்கு முன்னோடி, வீணை மேதை எஸ். பாலசந்தர் இயக்கி 1970இல் திரைக்கு வந்த 'நடு இரவில்'. அவர் செய்த ஒரு மாற்றம் முக்கியமானது. தீவு பங்களாவுக்கு வருபவர்கள் அந்நியர்கள் இல்லை. செல்வந்தர் ஒருவரின் உறவினர்கள். சொத்துக்கு முன்னால் ரத்த உறவே அந்நியமாகிவிடும் என்பது தமிழ்ப் பார்வையாளருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் அந்தத் தீவு நமக்கு இன்னும் நெருக்கமாகச் சுட்டது.

ஜப்பானில் நடந்த வாதம்

இந்தக் கதைவகையை உலகிலேயே மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்ட நாடு ஜப்பான். செய்ஷி யோகோமிசோ 1947–48இல் தொடராக எழுதிய 'கோகுமோன்தோ', போர் முடிந்து திரும்பும் துப்பறிவாளர் ஒரு தீவில் காணும் கொலைகளைச் சொல்கிறது. 1958இல் செய்ச்சோ மட்சுமோட்டோ எழுதிய 'புள்ளிகளும் கோடுகளும்' வந்த பிறகு காற்று திசைமாறியது. மாளிகையும் தீவும் வெறும் விளையாட்டு, குற்றத்தின் வேர் ஊழலிலும் வறுமையிலும் இருக்கிறது என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1987இல் யுகிதோ அயட்சுஜி, ஒரு தீவுக்குப் போகும் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து எழுதிய நாவல் புதிர்க்கதைக்கு மறுவாழ்வு கொடுத்தது. அந்த இயக்கம் இன்றும் தொடர்கிறது.

இந்த வாதத்தில் இரு தரப்பும் பாதியைத்தான் பார்த்தன என்பது என் எண்ணம். டென்னிஸ் ஓநீலின் சாவில் இருந்தது வறுமை, அலட்சியமான நிர்வாகம், கேட்க நாதியற்ற பிள்ளை. சமூக நாவலுக்கு உரிய அத்தனையும் அங்கே உண்டு. அது பனி மூடிய விடுதிக்குள் வந்து 70 ஆண்டுகளுக்கு மேல் மேடையில் நிற்கிறது. புதிர் என்ற வடிவம் உண்மையை மறைக்கவில்லை. அதைக் கோடிக்கணக்கானோரிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது.

1629: கற்பனைக்கு முந்திய தீவு

சட்டம் இல்லாத தீவில் மனிதர்கள் உண்மையில் எப்படி நடந்துகொள்வார்கள்? வரலாறு ஒரு பதில் வைத்திருக்கிறது.

1629 ஜூன் 4. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் 'பட்டேவியா' கப்பல், மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு அப்பால் உள்ள ஹவுட்மன் அப்ரோலஸ் பவளத்திட்டில் மோதி உடைந்தது. ஏறத்தாழ 340 பேர் அதில் வந்திருந்தார்கள். பெரும்பாலோர் குட்டித் தீவுகளில் கரையேறினார்கள். தளபதி பெல்சார்ட் உதவி தேடிச் சிறு படகில் ஜாவாவுக்குப் புறப்பட்டுப் போனார். பின்னால் தங்கிய ஜெரோனிமஸ் கொர்னெலிஸ் என்ற மருந்து வணிகர் தலைமையை எடுத்துக்கொண்டார்.

அவர் முதலில் செய்தது ஆட்களைப் பிரித்தது. ஒரு கூட்டம் இந்தத் தீவில், ஒரு கூட்டம் அந்தத் தீவில். படகுகளும் ஆயுதங்களும் தன் கையில். பிறகு கொலைகள் தொடங்கின. ஆண், பெண், குழந்தை என்று 100 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். முதலில் ரகசியமாக, பின்னர் வெளிப்படையாக.

தண்ணீர் தேடச் சொல்லி வேறொரு தீவுக்கு அனுப்பப்பட்ட சிப்பாய்கள் இருந்தார்கள். அங்கே கிடந்து சாகட்டும் என்பதுதான் எண்ணம். அவர்களுக்குத் தண்ணீர் கிடைத்தது. தப்பி வந்தவர்கள் மூலம் நடப்பதை அறிந்தார்கள். வீபே ஹேஸ் என்ற சாதாரணச் சிப்பாயைத் தலைவராக ஏற்று, கல்லடுக்கிச் சுவர் எழுப்பி, கிடைத்த மரத்திலும் ஆணியிலும் ஆயுதம் செய்து, வந்த தாக்குதல்களை எதிர்த்து நின்றார்கள். மீட்புக் கப்பல் வந்தபோது கொர்னெலிஸ் அவர்கள் பிடியில் கைதியாக இருந்தார். அக்டோபர் 2 அன்று தூக்கிலிடப்பட்டார். அவர்கள் அடுக்கிய கற்கள் இன்றும் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் ஐரோப்பியர் கட்டிய மிகப் பழைய கட்டுமானம் அது.

கொலைகாரனுக்குப் பலம் கொடுத்தது தீவு மட்டும் இல்லை. மக்கள் ஒருவரையொருவர் நம்பாமல் பிரிந்து கிடந்ததே பெரும் பலம். அவனை வீழ்த்தியதும் அதே நிலைமையில் ஒருவரையொருவர் நம்பத் துணிந்தவர்கள்தான்.

இந்த வரலாறு இன்று உங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்கும் வந்திருக்கிறது. 2021இல் நெதர்லாந்தில் தொடங்கிய 'தி டிரெய்டர்ஸ்' போட்டி நிகழ்ச்சிக்குத் தூண்டுதல் பட்டேவியா கதைதான். பிரிட்டன் வடிவம் ஸ்காட்லாந்துக் கோட்டையிலும், 2025இல் வந்த இந்திய வடிவம் ஜெய்சால்மர் அரண்மனையிலும் படமாயின. அதன் விளையாட்டு விதிகளோ 1986இல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழக உளவியல் மாணவர் திமித்ரி தவீதவ் உருவாக்கிய 'மாஃபியா' ஆட்டத்தின் வழி வந்தவை. சில துரோகிகளுக்கு எல்லாம் தெரியும். பலருக்கு ஒன்றும் தெரியாது. இரவில் துரோகிகள் ஒருவரை நீக்குவார்கள், பகலில் எல்லோரும் கூடி வாக்களித்து ஒருவரை வெளியேற்றுவார்கள்.

பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த வாக்கெடுப்பில் எத்தனை முறை நிரபராதிகள் வெளியேறுகிறார்கள் என்று. கொஞ்சம் பேசாமல் இருந்தால் சந்தேகம். அதிகம் பேசினாலும் சந்தேகம். விளையாட்டில் அவர்கள் வீட்டுக்குப் போவார்கள். ஆதாரமில்லாத சந்தேகத்தால் லிண்ட்பெர்க் வழக்கின் பணிப்பெண் உயிரை விட்டாள்.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள்

இந்தக் கதைகள் இரண்டு பாடங்களைக் கையில் கொடுக்கின்றன. ஒன்று, நீதி தவறிய சாவு மறைந்துபோவதில்லை. அது வேறொரு வாசல் வழியாகத் திரும்பி வரும். இன்னொன்று, சந்தேகம் மட்டுமே மிஞ்சிய இடத்தில் நல்லவர்களும் ஒருவரையொருவர் அழித்துக்கொள்வார்கள். தீவுக்கு வந்த நீதி எத்தனை பயங்கரமானது என்பதைக் காட்டியே, ஊரில் சட்டம் ஒழுங்காக நடக்க வேண்டியதன் அவசியத்தைக் கிறிஸ்டி சொன்னார். பழிவாங்குபவரின் கைக்கு நீதி போய்விட்டால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு அந்த நாவலைவிட நல்ல எச்சரிக்கை எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்த முறை இப்படியொரு தொடரையோ படத்தையோ பார்க்கும்போது, கொலையாளி யார் என்று ஊகிக்கும் வேகத்தில், கதை தொடங்கும் முன்பே செத்தவர் யார் என்று கேட்க மறக்காதீர்கள். அந்தச் சாவை யார் மூடி மறைத்தார்கள், யார் பார்த்தும் பேசாமல் இருந்தார்கள் என்று தேடுங்கள். பிறகு அதே கேள்வியை உங்கள் தெருவில், உங்கள் ஊர் விடுதியில், உங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் வேலை செய்யும் பிள்ளையைப் பற்றியும் கேளுங்கள். அந்தப் பண்ணை வீட்டுக்கு ஒழுங்காக ஒருவர் போய் எட்டிப் பார்த்திருந்தால், டென்னிஸ் ஓநீல் பிழைத்திருப்பான். நம்மைச் சுற்றி இருக்கும் பிள்ளைகளை எட்டிப் பார்க்க எந்தக் கடலும் நமக்குத் தடையாக இல்லை.